காருக்கான மைக்ரோஃபைபர் துணிகளை எப்படித் துவைத்துப் பராமரிக்க வேண்டும்?

ஆறு மாதங்களுக்கு முன்பு வாங்கிய பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் விறைத்துவிட்டன, தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போகின்றன, கறுப்பு வண்டியில் மெல்லிய கோடுகள் விழுகின்றன, வீட்டுத் துணிகளோடு சேர்த்தே துவைத்து வருகிறேன், இனிப் புதிதாகத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இரண்டு வண்டிகள் நிற்கும் அளவுள்ள சிறிய டீட்டெய்லிங் கடை ஒன்றை, அதாவது வண்டிகளை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடையை, ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நாள்தோறும் முப்பது நாற்பது துணிகள் எங்களிடம் சலவைக்குச் சேரும். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: உங்கள் துணிகளில் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம். ஆனால் மீட்ட பிறகு அவை வீட்டுத் துணிகளோடு ஒரே தொட்டியில் விழக் கூடாது.

அந்தத் துணி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் அது ஏன் கெட்டது என்பதும் விளங்கிவிடும். மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும், நைலான் வகையைச் சேர்ந்த பாலிஅமைடும் கலந்த செயற்கை இழை. கடைகளில் கிடைப்பவற்றில் இந்தக் கலவை பெரும்பாலும் 80க்கு 20 என்றோ 70க்கு 30 என்றோ இருக்கும். 9000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை 1 கிராமுக்கும் குறைவாக இருந்தால்தான் அது மைக்ரோஃபைபர் என்ற பெயருக்கு உரியது. நல்ல துணியில் அவ்வளவு மெல்லிய இழையையும் ஆரஞ்சுச் சுளைகளைப் பிரிப்பதுபோல ஆலையிலேயே பல கீற்றுகளாகப் பிளந்திருப்பார்கள். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் ஏறி நிற்பது அந்தக் கீற்றுகளின் இடுக்குகளில்தான். வண்டியின் மேலிருந்து எடுக்கும் தூசியும் வண்ணப்பூச்சில் உராயாமல் அங்கேதான் ஒதுங்கிக்கொள்கிறது. அந்த இடுக்குகள் அடைபட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் துணி மட்டுமே.

அடைபட்டிருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஈரமில்லாத உள்ளங்கையால் துணியைத் தடவினால் தோலின் சொரசொரப்பில் அது இலேசாகப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றாமல் வழுக்கினால் இழைகளின் மேல் ஏதோ ஒரு பூச்சு ஏறியிருக்கிறது என்று பொருள். சமையல் மேடைக் கல்லில் சிறிது நீரைத் தெளித்து அதன்மேல் துணியைப் பரப்பி, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நல்ல துணி ஒரே இழுப்பில் கல்லை உலர்த்திவிடும், கெட்ட துணி நீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

அந்தப் பூச்சு எங்கிருந்து வருகிறது? துணிகளை மென்மையாக்கவும் மணக்கச் செய்யவும் கடைசி அலசலில் ஊற்றுகிறோமே, அந்தத் திரவம்தான் நான் முதலில் சந்தேகப்படுவது. இழையின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பான படலத்தை உண்டாக்குவதற்கென்றே அது தயாரிக்கப்படுகிறது. பருத்திச் சட்டைக்கு அது சுகம். மைக்ரோஃபைபருக்கோ இடுக்குகள் அத்தனையையும் மூடிவிடும் மெழுகு. அடுத்தது சோப்புக் கட்டி. துணி துவைக்கும் கட்டிகள் பலவற்றில் எடைக்காகவும் கெட்டித்தன்மைக்காகவும் கால்சைட், களிமண் போன்ற கனிமத் தூள்களைச் சேர்க்கிறார்கள். கட்டியைத் துணியில் அழுத்தித் தேய்க்கும்போது அந்தத் தூள் இழைகளுக்குள் புகுந்துவிடுகிறது. தூசியை எடுக்க வேண்டிய துணியிலேயே தூளைப் புதைத்துவிட்டு, அதைக் கறுப்பு வண்டியின் பானெட்டில் வைத்துத் துடைத்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? துவைகல்லில் அடிப்பதையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதையும் இதே காரணத்துக்காகவும், இழை அறுந்துபோவதாலும் நான் அனுமதிப்பதில்லை.

நம் ஊர்களில் பலரும் கவனிக்காமல் விடுவது தண்ணீரை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்மையான கசடாக மாறும். குளியலறை வாளியின் உட்புறத்தில் படிகிறதே, அதே கசடுதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. குடிக்கும் நீருக்கே அந்த எல்லை என்றால் துவைக்கும் நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கடையின் போர் தண்ணீரில் துவைத்த துணிகள் காய்ந்ததும் அப்பளம்போல விறைத்து நிற்கும். சோப்பை மாற்றினேன், இயந்திரத்தை மாற்றினேன், பலன் இல்லை. கடைசி அலசலை மட்டும் பிடித்துவைத்த மழைநீரில் செய்து பார்த்த அன்றுதான் குற்றம் எதில் என்று புரிந்தது.

இனிப் பிரித்து வைப்பதைப் பற்றி. நான் பெரிய விலை கொடுத்துக் கற்றது இதைத்தான். கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டில் கறுப்பு செடான் ஒன்றுக்குப் பாலிஷ் முடித்து, கடைசியாகத் துடைப்பதற்குச் சலவை செய்து மடித்திருந்த துணியை எடுத்தேன். டிக்கியின் மேல் நான்கே முறைதான் துடைத்திருப்பேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது வளைவு வளைவாகக் கீறல்கள். சக்கரம் துடைத்த துணிகளையும் மேற்பூச்சுக்கான துணிகளையும் ஒன்றாகத் துவைப்பது அப்போது எங்கள் வழக்கம். பிரேக்கிலிருந்து தெறிக்கும் பொடியில் இரும்புத் துகள்கள் இருக்கும். அவை சலவையில் முழுவதும் வெளியேறாமல் ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்குத் தாவியிருந்தன. மறுபடி பாலிஷ் போட்டுச் சரிசெய்து, இரண்டு நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு வண்டியைக் கொடுத்தேன். வண்ணத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சின் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடியை விடவும் மெல்லியது. கீறலைப் போக்க ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து சிறிது தேய்ந்து போகிறது, திரும்ப வருவதில்லை. என் கவனக்குறைவால் இன்னொருவருடைய வண்டி அதை இழந்தது என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அதனால் இப்போது எங்களிடம் மூடியுள்ள மூன்று வாளிகள் இருக்கின்றன. வண்ணப்பூச்சைத் துடைத்தவை ஒன்றில், கண்ணாடியும் உட்புறமும் துடைத்தவை இன்னொன்றில், சக்கரம், எஞ்சின், கதவின் அடிப்பகுதி ஆகியவற்றைத் துடைத்தவை மூன்றாவதில். ஒரு வாளியின் துணி வாழ்நாள் முழுவதும் அதே வாளிக்குத்தான் திரும்பும். வீட்டில் ஒரு வண்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டு வாளிகள் போதும். வண்ணப்பூச்சுக்கான துணி தரையில் விழுந்தால், அது புத்தம் புதியதாக இருந்தாலும், அந்த நொடியே அடுத்த வாளிக்குப் போய்விட வேண்டும்; உதறினால் போய்விடும் என்று எண்ண வேண்டாம், மணலைப் பிடித்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட துணி அது.

துவைக்கும் முறை எளிது. பாலிஷோ வேக்ஸோ எடுத்த துணியைக் காயவிடாமல் அன்றைக்கே நனைத்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் இறுகிப்போகும். வெதுவெதுப்பான நீரில், மணமும் மென்மையூட்டியும் சேர்க்காத திரவச் சோப்பைச் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் ஊற வைக்கிறோம். சோப்புத்தூளை நான் தவிர்க்கிறேன், குளிர்ந்த நீரில் முழுவதும் கரையாமல் துகள்கள் தங்கிவிடும். பிறகு இயந்திரத்தில் 40 டிகிரி வெப்பத்தில், தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஓட்டி, அலசலை மட்டும் ஒரு முறை கூடுதலாக வைக்கிறோம். பெரும்பாலானவர்கள் சோப்பைக் கூட்டி அலசலைக் குறைக்கிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஒரே ஒரு பருத்தித் துண்டு உள்ளே இருந்தாலும் அதன் பஞ்சு முழுவதும் இந்தத் துணிகளில் ஏறிக்கொண்டு, மறுநாள் வண்டியின் கண்ணாடியில் நூல் நூலாக உதிரும். புதிதாக வாங்கிய துணியையும் ஒரு முறை தனியாகத் துவைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், ஆலைப் பிசிறும் மிகைச் சாயமும் அதில் இருக்கும். ஓரத்தில் தைத்திருக்கும் பெயர்ப் பட்டையைப் பிரித்தெடுத்துவிடுங்கள், அதன் விளிம்பே கீறும். குளோரின் கலந்த வெளுப்பான் வேண்டவே வேண்டாம், நைலானை அது அரித்துவிடும்.

இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பிசிறைச் சாக்கடையில் கழுவி விடாமல் குப்பைத் தொட்டியில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அது பஞ்சு அன்று, பிளாஸ்டிக். ஆற்றில் சேர்ந்தால் மட்காது.

காய வைப்பது நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில். கடும் வெயில் தொடர்ந்து பட்டால் நைலான் மஞ்சளித்து வலுவிழக்கும். மொட்டை மாடிக் கொடி வசதியானதுதான், ஆனால் ஆடிக் காற்றில் எங்கள் தெருவின் புழுதி முழுவதும் மாடிக்கு வந்துவிடும், சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். ஈரத் துணி இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். கடைக்குள்ளேயே கயிறு கட்டி மின்விசிறியின் கீழ் உலர்த்துகிறோம். உலர்த்தும் இயந்திரம் உங்களிடம் இருந்தால் மிகக் குறைந்த வெப்பத்தில் மட்டும் ஓட்டுங்கள். இஸ்திரி போடக் கூடாது: பருத்திக்கான வெப்பம் 200 டிகிரியைத் தொடும், நைலானில் ஒரு வகை 220 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு முன்பே இழைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் நன்றாக உதறி மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் போதும்.

உங்கள் பன்னிரண்டு துணிகளுக்கு வருகிறேன். தொட்டுப் பார்த்து வழுக்குபவற்றையும் விறைப்பானவற்றையும் முதலில் சூடான நீரில், கை பொறுக்கும் அளவு சூடு போதும், திரவச் சோப்போடு ஓர் இரவு ஊற வைத்துத் துவையுங்கள். அலசிய பின் பத்து லிட்டர் நீரில் வெள்ளை வினிகர் 100 மில்லி கலந்து அரை மணி நேரம் போட்டு வையுங்கள். உப்புப் படிவை அந்த அமிலம் கரைத்துவிடும். வினிகர் கிடைக்காவிட்டால் மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு மேசைக்கரண்டி அதே வேலையைச் செய்யும். இவற்றை வெளுப்பானோடு மட்டும் ஒருபோதும் கலந்துவிட வேண்டாம், நச்சு வாயு கிளம்பும். கடைசியாக மழைநீரோ சுத்திகரித்த நீரோ ஒரு வாளி கிடைத்தால் அதில் அலசி உலர்த்துங்கள். மென்மையூட்டி நெடுநாள் ஏறிய துணிக்கு இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சமையல் மேடையில் அந்த நீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள், பழைய சி.டி. ஏதேனும் இருந்தால் அதன் பளபளப்பான பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து, புதிய கோடு விழுகிறதா என்றும் பார்த்துவிடலாம். சி.டி.யைக் கீறும் துணி வண்டியையும் கீறும்.

வெப்பத்தில் உருகிய துணியும், வண்ணப்பூச்சைக் காக்க அதன்மேல் பூசும் செராமிக் கோட்டிங் என்னும் திரவத்தைத் துடைத்த துணியும் எந்தச் சலவையிலும் மீளாது. கோட்டிங்கில் உள்ள சிலிக்கா இழைகளுக்குள்ளேயே கண்ணாடிபோல இறுகிவிடுகிறது. அந்தத் துணியை மறுபடி எதற்கும் பயன்படுத்தாமல் எறிந்துவிடுவதுதான் நல்லது. நீரை உறிஞ்சினாலும் சி.டி.யில் கோடு போடும் துணிகள் பன்னிரண்டில் மூன்று நான்கு இருக்கலாம். அவற்றின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டிச் சக்கர வாளியில் போட்டுவிடுங்கள். எங்கள் கடையில் மூலை வெட்டிய துணியைப் பானெட்டுக்கு அருகில்கூட யாரும் கொண்டுபோவதில்லை.