பட்டறையில் வராத சிறுநீர் ஏற்காட்டில் மட்டும் ஏன்?

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. பற்றவைக்கும் வேலை என்னுடையது. நெருப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறேன். ஆனால் சாயங்காலம் வரை சிறுநீர் வருவதில்லை. வந்தாலும் கடும் மஞ்சளாகக் கொஞ்சம்தான். மார்கழியில் ஏற்காடு போனபோது ஒரே ஒரு டீ குடித்தேன், மலை ஏறுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சிறுநீரகத்தில் கோளாறா டாக்டர்? அப்புறம், அப்பா பிரஷருக்கு லோசார்டன் சாப்பிடுகிறார். அவர் இளநீர் குடிக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். தினமும் குடிக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு தெரியவில்லை தம்பி. இரண்டு இடத்திலும் உங்கள் சிறுநீரகம் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் போலத்தான். மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். கடைசியில் எவ்வளவை விடுவது, எவ்வளவை வைத்துக்கொள்வது என்று சொல்பவை ஹார்மோன்கள்.

வியர்வையில் உப்பைவிட நீர்தான் அதிகம் போகிறது. அதனால் ரத்தம் கெட்டிப்படுகிறது. அந்த அடர்த்தி 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே தாகம் எடுக்கும். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரஸின் என்ற ஹார்மோன் கிளம்பும். அது சிறுநீரகக் குழாய்ச் சுவர்களில் அக்வாபோரின் என்ற நுண்ணிய நீர்வழிகளைப் பதிக்க, நீர் உள்ளே திரும்பிவிடுகிறது. மிச்சம்தான் நீங்கள் பார்க்கும் கடும் மஞ்சள்.

ஏற்காட்டுக் கதை வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள், அதுவும் மார்கழியில். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் சேர்கிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்றே அது கணக்காகிறது. வாசோபிரஸின் குறைகிறது, மேலறைகளே ஏ.என்.பி. என்ற ஹார்மோனைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்கின்றன. இதயத்துக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்பதற்கு 1981-ல்தான் அடோல்ஃபோ டி போல்டு என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலிகளில் சான்று காட்டினார்கள். ரத்தத்தை இறைப்பது மட்டுமே அதன் வேலை என்று படித்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

என் கவலை உங்கள் பட்டறை நாட்களைப் பற்றித்தான். தினமும் இப்படிக் கெட்டியாகப் போனால் சிறுநீரகக் கல் வரலாம். எழுந்து போக நேரமில்லை என்று தண்ணீரைத் தள்ளிப்போட்டுவிட்டு மொத்தமாகக் குடிக்காதீர்கள். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பைக் காப்பாற்றும் ஆல்டோஸ்டிரோன் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. அது வேலையைக் காட்ட மணிக்கணக்காகும். அதற்குள் வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய்விடும். நடுவில் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடியுங்கள். மதியச் சாப்பாட்டிலும் சாயங்காலத் தட்டுவடை செட்டிலும் உப்பு இருக்கிறது. உப்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

அப்பாவுக்கு இந்த மோர் யோசனை பொருந்தாது, பிரஷர்காரருக்கு உப்பு குறைய வேண்டும். இளநீர் விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் காரணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். லோசார்டன் அந்த ஹார்மோனைக் குறைப்பதால் பொட்டாசியம் தங்கிவிடலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு எப்போதாவது ஒன்று பெரிய விஷயமில்லை. தினமும் குடிப்பது வேறு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை இளநீரை நிறுத்தட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதையும் அவருக்கு வாங்காதீர்கள். அதில் சேர்ப்பதும் பொட்டாசியம்தான்.