வேலியோரத்துக் கத்தரித் தடி

அன்புள்ள அக்கா,

வளவுக்குள் பன்னிரண்டு கத்தரி நட்டிருக்கிறேன். தை கடைசியில் வைத்தது, இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. ஒரு கிழமையாக ஒவ்வொரு செடியிலும் நுனிக் குருத்து தலை தொங்குகிறது. கடையில் கேட்டு மருந்து வாங்கி இரண்டு தரம் அடித்தேன். தண்ணீர் காணாதோ என்று கூட இறைத்தும் பார்த்தேன். ஒன்றுக்கும் நிற்கவில்லை. பூவும் பாதி கொட்டுகிறது. போன வருடச் செடிகள் நன்றாகத்தான் காய்த்தன. அவற்றைப் பிடுங்கி, அடுப்புக்கு உதவும் என்று வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள், இன்னும் மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கச்சி,

அந்த அடுப்புத் தடி பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தவுடனேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குருத்தைப் பாருங்கள்.

நாளைக்கு விடிய, வெயில் ஏற முன்னம், ஒரு பிளேடோடு பாத்திக்குப் போங்கள். தொங்குகிற குருத்தை வாடின இடத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே வெட்டி, நெடுக்காகப் பிளவுங்கள். தண்டின் உள்சோறு போய், குழல் மாதிரி இருக்கும். அதற்குள் கழிவு கறுப்பாக அடைந்திருக்கும். அதன் நுனியில் கபிலத் தலையோடு ஒரு புழு நெளியும். சின்னது வெள்ளையாக இருக்கும், வளர்ந்தது இளஞ்சிவப்பு. தண்டும் காயும் துளைக்கும் புழு இதுதான். அந்துப்பூச்சி இலையில் இடும் முட்டை பொரித்துச் சில மணித்தியாலத்திலேயே புழு தண்டுக்குள் போய்விடும். நீங்கள் இலைக்கு மேலே அடித்த மருந்து அதன் மேல் படவே இல்லை.

வெட்டின குருத்தைக் குப்பைக் கிடங்கில் போட வேண்டாம். புழு அதற்குள்ளேயே இருந்து மிச்சத்தையும் தின்று வளரும். எரியுங்கள், இல்லாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே பக்கக் கிளை வெடிக்கும், செடிக்கு நட்டமில்லை. காயையும் பாருங்கள். புழு பெரும்பாலும் காம்புத் தொப்பிக்குக் கீழாலேயே நுழையும், அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் பெரிய ஓட்டை அது வெளியே வந்த வழி. அந்தக் காயையும் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு செடிக்கு இது பத்து நிமிட வேலை. ஏக்கர் கணக்கில் நட்டவருக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும். வீட்டுத் தோட்டத்துக்குக் கண்ணும் கையும் போதும் என்றுதான் சொல்வேன். பிள்ளை ஓடிவந்து பிஞ்சைக் கடிக்கிற வளவில் மருந்து வேண்டாம்.

சரி, இனி அந்தத் தடி. வளர்ந்த புழு செடியை விட்டு இறங்கி, காய்ந்த சருகிலும் குப்பையிலும் கூடு கட்டும். பிடுங்கி அடுக்கின பழைய கத்தரித் தடியிலும் அது இருக்கும். அந்தக் கூட்டிலிருந்து வரும் அந்துப்பூச்சி அதிக தூரம் பறக்காது. பக்கத்தில் உங்கள் புதுப் பாத்தி இருக்கும்போது பறக்கத் தேவையும் இல்லை. போன வருடப் புழுவை நீங்களே வேலியோரம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. 2010இல் நாங்கள் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோது, அம்மாவும் ஒரு சுள்ளியை வீணாக்க மாட்டா. கத்தரித் தடியும் அடுப்பங்கரையில்தான் கிடந்தது. இரண்டாம் முறை நட்டதில் நல்ல காய் பொறுக்கி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஏன் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த அடுக்கை இன்றைக்கே எரித்துவிடுங்கள். செடிகளுக்குக் கீழே கிடக்கும் சருகையும் கூட்டி அதோடு போடுங்கள். பக்கத்து வளவிலும் தடி கிடந்தால் சொல்லிப் பாருங்கள்.

கூட இறைக்க வேண்டாம். பங்குனி வெயிலுக்கு மத்தியானம் இலை சோர்வது இயல்பு, பொழுதுபட எழும்பிவிடும். நுனி மட்டும் தொங்கினால் புழு. செடி முழுக்கப் பச்சையாகவே சோர்ந்து, இரவிலும் எழும்பாவிட்டால் அது வேறு. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகப் பால்நூல் போல இறங்கினால் பற்றீரியா வாடல். அதற்கு மருந்தில்லை, வேரோடு எடுத்து எரிக்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் தக்காளியோ மிளகாயோ வைக்கவும் கூடாது. ஒருமுறை தக்காளி வாடின பாத்தியிலேயே கத்தரியை வைத்து ஒரு வரிசை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

பூ கொட்டுவதற்கு வருகிறேன். ஊதாப் பூ ஒன்றைக் கையில் எடுத்து நடுவே பாருங்கள். மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். அதன் நுனியைத் தாண்டிப் பச்சைச் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். உள்ளே குட்டையாக ஒளிந்திருந்தால் அது கொட்டுகிற பூ. எல்லாக் கத்தரியிலும் இரண்டும் வரும். செடிக்குச் சத்துக் குறைந்தால் குட்டைப் பூ கூடும். வேலியில் நிற்கும் கிளிசரியா மரத்தில் குழை வெட்டி, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதைத்து, மேலே மக்கின மாட்டெரு போடுங்கள். காலையில் குருத்து வெட்டப் போகும்போது பூக்கொத்துகளையும் விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். கத்தரியின் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளை மட்டும்தான் திறக்கும், அதிர்ந்தால்தான் தூள் நன்றாக விழும். கருவண்டு வந்து ரீங்கரித்துச் செய்கிற வேலை அதுதான். மருந்து அடிப்பதை விட்டால் வண்டும் திரும்பி வரும்.

இரண்டு கிழமை விடாமல் வெட்டிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா