துறைமுக ஊர்க் கேள்வி – பதில்

கேள்வி: ஊர்காவற்றுறை ஒல்லாந்தர் காலத்தில் எழும்பிய துறைதானே? (வாசகர், வேலணை)

இல்லை, அதற்கும் வெகு முந்தியது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இருக்கிறது. ஊர்காவற்றுறையின் பழைய பெயரான ‘ஊராத்துறை’யில் பரதேசி வணிகர், அதாவது பிறநாட்டு வணிகர், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கிடைக்க வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரச பண்டாரத்துக்கு. மற்ற மூன்றும் உடையவனுக்கு. வேறு வாணிகச் சரக்கென்றால் சரிபாதி. யானையும் குதிரையும் அரசனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தன என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. தமிழில் வெட்டியதையும் கவனியுங்கள். துறையில் புழங்கிய பாஷை அது.

கேள்வி: வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல் அமெரிக்கா போனது உண்மையா? (மாணவி, உடுப்பிட்டி)

உண்மை. ‘அன்னபூரணி’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல், 89 அடி நீளம். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்டு, சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது.

கேள்வி: நான் காய்ச்சும் ஒடியற் கூழ் கைக்கிறது, கட்டியும் படுகிறது. என்ன பிழை? (வாசகி, ரொறன்ரோ)

மாவை ஊறவிடாத பிழை. ஒடியல் என்பது பச்சையாகக் காயவைத்த பனங்கிழங்கு; அதன் மாவின் கைப்பு கொதியில் போகாது, தண்ணீரில்தான் கழியும். ஆறு பேருக்குக் கால் கிலோ மா போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள்.

மூன்று லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டுகளை முதலில் அவியவிடுங்கள். புளியை அப்போதே விட்டால் பலாக்கொட்டை மசியாமல் நிற்கும். அவை முக்கால் பதம் வந்தபின் அரைக் கிலோ மீன், அரைக் கிலோ நண்டு, கால் கிலோ இறால், ஒரு பிடி முசுட்டை இலை. மீன் முள் குறைந்ததாக இருக்கட்டும். கூழுக்குள் முள்ளைத் தேடி எடுக்க முடியாது.

பிறகு 15 செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டையும், தேசிக்காய் அளவு இரண்டு உருண்டைப் பழப்புளிக் கரைசலையும், உப்பையும், ஊறிய மாவோடு சேர்த்துப் பச்சைத் தண்ணீரில் மோர்போலக் கரையுங்கள். கொதிக்கிற பானையில் மாவை அப்படியே போடுவதால்தான் கட்டி படுகிறது. அடுப்பைத் தணித்து, ஒருவர் ஊற்ற மற்றவர் அடிபிடியாமல் துழாவ வேண்டும். ஆற ஆற இறுகும்; ஆகையால் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே இறக்குங்கள்.

கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணமான பிளா கோல உங்களுக்குப் பனையோலை கிடைத்தால், பச்சையோலையாகப் பாருங்கள். காய்ந்தது மடிப்பில் வெடித்து ஒழுகும்.