பிரஷர் மாத்திரை சந்தேகமா, கேளுங்க

ரங்கூன்ல முப்பது வருஷம் மருந்துக் கடை வச்சிருந்தவன் நான். டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். எந்த மாத்திரை என்ன செய்யும்னு கேளுங்க, சொல்றேன். உங்களுக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

மோல்மேன் அக்கா: அம்லோடிபின் 10 போடுறேன், கால் வீங்குது. கடையில தண்ணி மாத்திரை குடுத்தாங்க, வீக்கம் போகல.

போகாதுக்கா. ராத்திரி செருப்ப கழட்டினா வார் பதிஞ்ச தடம் அப்படியே இருக்கும், கட்டை விரலால அழுத்தினா குழி விழும், காலைல எந்திரிச்சா கொறஞ்சிருக்கும், அந்த வீக்கம்தானே? ஒடம்புல தண்ணி கூடிப்போய் வர்ற வீக்கம் இல்ல அது. அம்லோடிபின் ரத்தத்த உள்ள கொண்டுவர்ற சின்னக் குழாய்கள விரிக்குது, வெளிய போற குழாய் அந்தளவு விரியறதில்ல, அதனால கால்ல கசிஞ்சு நிக்குது. அப்புறம் தண்ணி மாத்திரை போட்டா ஒண்ணுக்குதான் அதிகமா போகும், பொட்டாசியமும் எறங்கும், வீக்கம் பெருசா கொறையாது. 10-அ 5 ஆக்குறதோ, கூட லோசார்டான் மாதிரி வேற வகை பிரஷர் மாத்திரை ஒண்ணு சேர்க்குறதோதான் வழி, அது வெளிய போற குழாயையும் விரிச்சு விடும். டாக்டர்கிட்ட இத அப்படியே சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது வேற கதை, உடனே போங்க. ஒரு மாத்திரை பண்ற வேலைக்கு இன்னொரு மாத்திரை போடாதீங்கன்னு கடையில கத்தி கத்தியே என் தொண்டை போச்சு.

பெகு தம்பி: அப்பா எனலாப்ரில் போடுறாரு, மூணு மாசமா வறட்டு இருமல்.

பாத்தியா, இருமல் சிரப்பும் வாங்கியிருப்பீங்களே? நூத்துல பத்து பேருக்கு வர்றதுதான், பிராடிகினின்னு ஒடம்புல ஊறுற ஒரு பொருள் ஒடையாம சேந்துபோறதால வருது. லோசார்டான், டெல்மிசார்டான் வகைல இது ரொம்பக் கம்மி. மாத்தச் சொல்லுங்க. ஆனா ரெண்டு வகையையும் சேத்து போட்டுறக் கூடாது, கிட்னிக்கு ஆகாது.

அண்ணே, எது பெஸ்ட்டு?

2002ல முப்பத்தி மூவாயிரம் பேருக்கு மேல வச்சு ஆல்ஹாட்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. குளோர்தாலிடோன் (ஒரு தண்ணி மாத்திரை), அம்லோடிபின், லிசினோப்ரில் (எனலாப்ரில் வகை), மூணையும் ஒப்பிட்டாங்க. மாரடைப்ப தடுக்குறதுல மூணும் ஒண்ணுதான். ஹார்ட் ஃபெயிலியர்ல, அதாவது இதயம் ரத்தத்த சரியா தள்ள முடியாம தளர்ந்து போறத தடுக்குறதுல, பழைய மலிவான குளோர்தாலிடோன் முந்திருச்சு. ஆனா அதுல பொட்டாசியம் எறங்கும், சுகர் கொஞ்சம் ஏறலாம்.

தெரிஞ்ச ஐயா ஒருத்தர்: இதெல்லாம் கெமிக்கல். எங்க தாத்தா சர்ப்பகந்தி வேர மென்னே 90 வயசு வாழ்ந்தாரு.

ஐயா, வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். அந்த வேருக்கு வேலை உண்டு, நான் இல்லன்னு சொல்லல, நம்ம பர்மா காட்டுலயும் வளருது. 1949லயே பம்பாய் டாக்டர் வக்கீல் அத பத்தி எழுதிட்டாரு, 1952ல அதுலருந்து ரெசர்பைன்ங்கற மருந்த பிரிச்சாங்க, அப்புறம் மாத்திரையாவே வித்தாங்க. அப்புறம் ஏன் ஓரமா வச்சாங்க? மூக்கடைப்பு, சோம்பல், சிலருக்கு மனசு ஒடஞ்சே போச்சு. ஒரு வேர்ல எவ்வளவு மருந்து இருக்குன்னு உங்க தாத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஐயா மறுபடியும்: அப்ப இந்த புது மாத்திரை எங்கருந்து வந்துச்சாம்?

பாம்பு விஷத்துலருந்துங்க! பிரேசில் விரியன் ஒண்ணோட விஷத்த ஆராஞ்சுதான் கேப்டோப்ரில செஞ்சாங்க, அமெரிக்காவுல 1981ல அனுமதி கெடச்சுது, அதோட தம்பிதான் எனலாப்ரில். இயற்கை இயற்கைங்கறீங்களே, கடிச்ச பாம்பும் இயற்கைதான். (இதுக்கு மேல ஐயாகிட்ட வாதம் பண்ண மாட்டேன், நாளைக்கு டீக்கடைல வச்சு திட்டுவாரு.)

காலையிலயா ராத்திரியா?

மறக்காத நேரத்துல. 2022ல வந்த ஆராய்ச்சில இருபதாயிரம் பேருக்கு மேல காலைல பாதி, ராத்திரி பாதின்னு பிரிச்சுப் பாத்தாங்க, வித்தியாசம் இல்ல.

தங்கச்சி முழுகாம இருக்கா, அம்மாவோட லோசார்டான் குடுக்கலாமா?

கூடாது, கூடவே கூடாது, கொழந்தை கிட்னிய கெடுக்கும். இன்னைக்கே டாக்டர்.

அட்டெனோலால் தீந்துருச்சு, ஒரு வாரம் விடலாமா?

திடீர்னு விடாதீங்க, நெஞ்சு படபடக்கும், இதய நோய் இருந்தா ஆபத்து. இன்னைக்கே வாங்குங்க.

நாப்பிய (நம்ம பர்மா மீன் விழுது, உப்பு ஜாஸ்தி) விடணுமா?

தெரிஞ்சே கேக்குறீங்க. மொய்ங்காவுல (மீன் குழம்பு ஊத்துற நூடுல்ஸ்) மேல ஊத்துற மீன் சாஸ மட்டும் பாதியாக்குங்க. பொட்டாசியம் கலந்த உப்பு வாங்குறவங்க லோசார்டான், எனலாப்ரில் போட்டா டாக்டர கேட்டுட்டு வாங்குங்க.

அண்ணே, அம்லோடிபின் போட்டு கால் வீங்குது...

மேல மோல்மேன் அக்காவுக்கு சொன்னத படிங்கப்பா. கரண்ட் போகப் போகுது, நான் எந்திரிக்கிறேன்.