பள்ளியில் ரோபோ வைத்துப் பாடம் நடத்துவதில் பயன் உண்டா? கணினித் திரையே போதாதா?

பயன் உண்டு, பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்தால். கடலூரில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்களிடம் இருப்பது ஓர் ஆர்டுயினோ போர்டு (நாம் எழுதும் நிரல்படி மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), இரண்டு மஞ்சள் மோட்டார், சக்கரம், பேட்டரி. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. நடுவில் ஓட்டை போட்டு ஸ்கெட்ச் பேனா சொருகியிருக்கிறோம். ஓடினால் கோடு விழும். யோசனை பழசுதான். 1967-ல் கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். அதன் கட்டளைக்குத் தரையில் ஊர்ந்து கோடு போடும் 'ஆமை' ரோபோ பின்னாலேயே வந்தது. எங்களுடையது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதால் பிள்ளைகள் 'நண்டு' என்கிறார்கள்.

ஒரு நாள் சமபக்க முக்கோணம் போடச் சொன்னேன். கோணம் 60 பாகை என்பதால் 60 பாகை திரும்பச் சொல்லி எழுதினார்கள். நண்டு மூன்று கோடு போட்டு, பாதி அறுகோணத்தில் நின்றுவிட்டது. "பேட்டரி வீக் சார்" என்றான் ஒருவன். ஒரு பெண் பேசாமல் எழுந்து, தரையில் முக்கோணமாக நடந்து பார்த்தாள். முதல் மூலையில் திரும்பியதுமே, "சார், உள்ளே இருக்கிறதுதான் 60. நான் திரும்புறது 120!" வெளிக்கோணத்தை நான் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்!

இதைத் திரையிலும் காட்டலாம்தானே என்பீர்கள். காட்டலாம். அவள் எழுந்து நடந்திருப்பாளா என்பது சந்தேகம். ஆனால் அடுத்து நடந்தது திரையில் நடக்கவே நடக்காது. 120 என்று மாற்றிய பிறகும் முக்கோணம் மூடவில்லை, ஒரு விரற்கடை இடைவெளி. எங்கள் வண்டி கோணத்தை அளக்காது. இத்தனை மில்லி வினாடி மோட்டார் ஓடினால் இவ்வளவு திரும்பும் என்ற கணக்குதான். பேட்டரி இறங்கினால் அதே நேரத்தில் குறைவாகத் திரும்பும். முன்பு சாக்குச் சொன்னவன் அன்று முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். அப்புறம் அவனே, பேட்டரி எவ்வளவு இறங்கினால் எவ்வளவு நேரம் கூட்டுவது என்று நோட்டில் அட்டவணை போட்டான். பிழை என்றால் விடை தப்பு என்று மட்டும் நினைத்திருந்த பையன்.

கறுப்புக் கோட்டைப் பின்பற்றும் வண்டியும் செய்தோம். வகுப்பறையில் ஒழுங்காக ஓடியது, வராந்தா வெயிலில் தறிகெட்டது. கோட்டை அறியும் சென்சார் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் பார்க்கிறது, வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால் குழம்புகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வகுப்பு ஓடிவிட்டது. பாடம் பின்தங்கியது உண்மைதான், மறைக்கவில்லை.

பேசும் ரோபோ ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பள்ளியும் பார்த்தேன். விருந்தினர் வந்தால் வணக்கம் சொல்லும். அதற்குத் திரையே மேல்.

நம் ஊர்ப்பக்கம் செய்பவர்களுக்கு ஒன்று: உப்புக் காற்றில் ஒயர் முனை சீக்கிரம் பச்சை பிடிக்கும். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் வண்டியோடு மூடி வையுங்கள்.