உப்போடு வந்த சிவப்பு

அன்புள்ள ஐயா,

வாணியம்பாடியில் இருக்கிறேன். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன். வாழவே முடியாத இடங்களில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து, பிற கோள்களில் உயிர் தேடும் துறைக்குப் போக ஆசை. வீட்டில் 'ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர், இல்லாவிட்டால் பி.எட். படி' என்கிறார்கள். வறண்ட பாலாறும் தோல் நாற்றமும் தவிர ஒன்றுமில்லாத இந்த ஊரிலிருந்து என்ன செய்ய முடியும்? எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் 'தோல் நாற்றம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். போன வாரம்தான் பேரணாம்பட்டில் என் அப்பா வேலை பார்த்த தோல் மண்டி இருந்த தெருவில் நடந்துவிட்டு வந்தேன்.

வீட்டாருக்குப் பதில் சொல்வது எளிது. 1960களில் தாமஸ் பிராக் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவின் நொதிதான் பி.சி.ஆர். சோதனையை ஊரெங்கும் கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டது அவர்களுக்கு மறந்திருக்காது.

ஆனால் ஊரில் ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த இரவில், கோள் நெருங்கும் முன்பே அந்த ஒளி சில நொடி மங்கியதை அங்கிருந்தவர்களும் பதிவு செய்தார்கள். மங்க வைத்தது யுரேனஸின் வளையம். ஒரு முறையாவது அங்கே போயிருக்கிறீர்களா?

அதைவிட நெருக்கத்தில் உப்பு இருக்கிறது. உரித்த ஆட்டுத்தோலின் சதைப்பக்கம் உப்பைத் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். அப்பாவின் விரலிடுக்குகள் உப்பில் வெடித்து எப்போதும் புண்ணாகவே இருக்கும். எனக்கு எட்டு வயது. சோறு கொண்டுபோயிருந்தேன். ஐப்பசி மழை, மண்டிக்குள் புழுக்கம். அப்பா மேல் தோலைத் தூக்கினார். அடியிலிருந்த தோலில் குங்குமத்தைக் கரைத்துத் தெளித்தாற்போல் சிவப்பு. தொட்டால் வழுவழுத்தது. அடுக்கு முழுவதும் அப்படித்தான். 'உப்பைக் குறைத்துப் போட்டு மிச்சத்தை விற்றுவிட்டாய்' என்றார் முதலாளி. மூன்று மாதம் கூலியில் பிடித்தார். அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிவப்பு ஹாலோபாக்டீரியம் என்ற, உப்பில் வாழும் நுண்ணுயிர். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அது பாக்டீரியாவிலிருந்து வேறான ஆர்க்கியா இனம் என்பது உங்களுக்குத் தெரியும். கடலோர உப்பளத்தில் பிறந்து, உப்போடு மூட்டையேறி வருவது. தோலைக் காக்கப் போட்ட உப்புதான் அதைக் கொண்டுவந்தது. இன்னும் இரண்டு மடங்கு உப்பைக் கொட்டியிருந்தாலும் அது செத்திருக்காது. நல்ல தண்ணீரில் விட்டால்தான் வெடித்துச் சாகும். என் அப்பா திருடவில்லை. இதை நான் நாற்பது வயதில், நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அவர் இல்லை.

'வாழவே முடியாத இடம்' என்று எழுதுகிறீர்கள். யாரால் முடியாத இடம்? நமக்கு இனிக்கும் கிணற்றுநீர் அதற்குச் சாவு. நம் உடம்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு அடுத்த உயிரின் வீட்டைப் பாழிடம் என்பது ஆராய்ச்சியாளர் பேச்சல்ல. அந்தச் சொல்லை உங்கள் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடுங்கள். செவ்வாயிலும் உப்புகள் இருக்கின்றன. 2008இல் பீனிக்ஸ் கலம் அங்கே பெர்குளோரேட் உப்பையே கண்டது. நம் உப்புப் படிகத்துக்குள் சிறைப்பட்ட நீர்த்துளியில் இந்தச் சிவப்பு உயிர்கள் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. செவ்வாயில் உயிர் தேடுபவர்கள் உப்பை விடாமல் ஆராய்வது அதனால்தான். நீங்களோ அந்த உப்பு மூட்டைகளைத் தாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லூரிக்குப் போகிறீர்கள்.

பல்கலைக்கழகம் பற்றி உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள் அம்மா, அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கு முன் ஒரு மண்டியில் கேட்டு ஒரு கை கல்லுப்பு வாங்குங்கள். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு உப்பு சேர்த்த அகார் தட்டில் இட்டு, காய்ந்துபோகாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாற்பது டிகிரியில் வையுங்கள். இரண்டு நாளில் ஒன்றும் வராது. தூக்கி எறிந்துவிடாதீர்கள், வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். சிவப்பு தெரிந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.