இடிக்கடவுளும் எட்டு சால்மன் மீனும்

2017-இல் வெளியான ‘தோர்: ராக்னராக்’ படம், அதற்கு அடியிலிருக்கும் வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணம் இரண்டையும் பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: முதல் இரண்டு தோர் படங்களும் கம்பீரமாக இருந்தன. மூன்றாவதில் இயக்குநர் டைக்கா வைட்டிட்டி ஒரு கடவுளைக் கோமாளி ஆக்கிவிட்டாரே, இது சரியா?

கோமாளித்தனம் அவர் கொண்டுவந்து சேர்த்ததல்ல, மூலத்திலேயே இருக்கிறது. ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட தோல் சுவடி ஒன்றில் ‘திரிம்ஸ்க்விதா’ என்றொரு பாட்டு உண்டு. தோர் தூங்கி எழுகிறான், சம்மட்டியைக் காணோம். திரிம் என்ற அரக்கன் அதைத் திருடிப் பூமிக்கடியில் புதைத்துவிட்டு, ஃப்ரேயா தேவியைக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். ஃப்ரேயா விட்ட கோபப் பெருமூச்சில் அரண்மனையே அதிர்கிறது. வேறு வழியில்லாமல் தோருக்கே மணப்பெண் வேடம் போடுகிறார்கள். முகத்திரை, கழுத்தணி, இடுப்பில் சாவிக்கொத்து எல்லாம் உண்டு. தோழி வேடத்தில் தந்திரக்கார லோக்கி.

விருந்தில் ‘மணப்பெண்’ ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்றுவிட்டு மூன்று பீப்பாய் தேன்மதுவையும் காலி செய்கிறாள். அரக்கன் அரண்டுபோகிறான். “உங்களை நினைத்து ஏங்கி எட்டு நாளாக அவள் சாப்பிடவேயில்லை” என்று லோக்கி சமாளிக்கிறான். முத்தமிடலாம் என்று திரையை விலக்கினால் நெருப்பாக எரியும் கண்கள். “எட்டு நாளாகத் தூங்கவும் இல்லை.” கடைசியில் மணப்பெண்ணை ஆசீர்வதிக்கச் சம்மட்டியைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறார்கள். அதன்பிறகு அந்த மண்டபத்தில் அரக்கர் ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்தப் பாட்டைப் படித்தவர்களுக்கு வைட்டிட்டியின் தோர் பழகிய ஆள்தான். முதல் படத்தின் முறைப்பான இளவரசன்தான் புதிய ஆள்.

கேள்வி: ‘தோர்’ என்று எழுதுவதா, ‘தார்’ என்று எழுதுவதா?

தோர். பழைய நார்ஸ் மொழியில் பெயரின் நடுவில் நெடில் ஓகாரம் இருக்கிறது. முதல் எழுத்தின் காற்றொலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை, ‘த’ போதும். ஆங்கிலத்தில் வியாழக்கிழமையின் பெயரிலும் இருப்பவர் இவர்தான்.

கேள்வி: தோரின் சம்மட்டிக்குப் பிடி ஏன் இவ்வளவு குட்டை?

உலைக்களத்தில் நடந்த பிழை. வேறு குள்ளர்கள் செய்ததற்கு நிகரான அரும்பொருள்களை உங்களால் செய்யமுடியாது என்று ப்ரோக், சிந்த்ரி என்ற குள்ளர் சகோதரர்களிடம் லோக்கி தன் தலையையே பந்தயம் கட்டுகிறான். சிந்த்ரி பொருளை உலையில் வைப்பான், அதை எடுக்கும்வரை ப்ரோக் துருத்தியை நிறுத்தாமல் ஊதவேண்டும். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் லோக்கி ஈயாக வந்து கடிக்கிறான். முதல் பொருளின்போது கையில், இரண்டாவதின்போது கழுத்தில். ப்ரோக் அசையவில்லை. மூன்றாவதாகச் சம்மட்டி உலையில் இருக்கும்போது இமையில் கடித்துவிடுகிறான். ரத்தம் வழிந்து கண்ணை மறைக்க, ப்ரோக் ஒரு நொடி கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். துருத்தி படுத்துவிட்டது, பிடி குறைந்துபோனது. அப்படியும் பந்தயத்தில் குள்ளர்கள்தான் ஜெயித்தார்கள். “தலை உனக்குத்தான், ஆனால் கழுத்தைத் தொடக்கூடாது” என்று லோக்கி சட்டம் பேச, ப்ரோக் அவன் வாயைத் தைத்துவிட்டான்.

கேள்வி: படத்தின் வில்லி ஹெலா புராணத்திலும் தோருக்கு அக்காவா?

இல்லை. புராணத்தில் அவள் பெயர் ஹெல், லோக்கியின் மகள், அங்கர்போதா என்ற அரக்கிக்குப் பிறந்தவள். ஃபென்ரிர் ஓநாயும் உலகைச் சுற்றிக் கிடக்கும் யோர்முங்காந்தர் பாம்பும் அவள் உடன்பிறப்புகள். லோக்கியும் தோருக்குத் தம்பி அல்ல. அவன் தோரின் தந்தை ஓடினோடு ரத்தம் கலந்து சகோதர உறவு பூண்டவன், அந்தக் கணக்கில் தோருக்குச் சித்தப்பா முறை! ஓடினை அவனுக்கு வளர்ப்புத் தந்தையாக்கியது இந்தப் படங்களை எடுத்த மார்வெலின் ஏற்பாடு. கெட்டிக்கார ஏற்பாடு என்றுதான் சொல்லவேண்டும். அண்ணன் தம்பிச் சண்டை இல்லாவிட்டால் இந்தப் படங்களில் பாதி கிடையாது.

கேள்வி: இந்தப் படத்துக்கு முன் எவற்றைப் பார்த்திருக்க வேண்டும்?

2011-இன் ‘தோர்’, 2012-இன் ‘அவெஞ்சர்ஸ்’ இரண்டும் கட்டாயம். இரண்டாவதில் ஹல்க் என்ற பச்சை ராட்சதன் லோக்கியைக் காலைப் பிடித்துத் தரையில் மாறி மாறி அடிப்பான். அதைப் பார்க்காதவர்களுக்கு, சகார் கிரகத்தின் சண்டை அரங்கில் அதே அடி தோருக்கு விழும்போது லோக்கி ஏன் துள்ளிக் குதிக்கிறான் என்பது புரியாது. 2013-இன் ‘தி டார்க் வேர்ல்ட்’ படத்தில் கடைசிக் காட்சி மட்டும் போதும், ஓடின் உருவத்தில் அமர்ந்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். 2015-இன் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ முடிவில்தான் ஹல்க் விமானமேறிக் காணாமல் போகிறான்.

2 மணி 10 நிமிடப் படம். முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள், பெயர்கள் ஓடும்போது இரண்டு துண்டுக் காட்சிகள் உண்டு. முதலாவது 2018-இன் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்துக்கு வாசல். இரண்டாவது சும்மா சிரிப்புக்கு.

கேள்வி: ராக்னராக் என்றால் என்ன? புராணத்தில் அது எப்படி முடிகிறது?

‘தேவர்களின் ஊழ்’ என்பது நேர்ப்பொருள். தமிழில் ஊழ் என்றால் விதி, ஊழி என்றால் யுகமுடிவு. இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்தச் சொல் அப்படியே வந்துவிடுகிறது.

முதலில் இடையே கோடையே வராமல் மூன்று குளிர்காலங்கள். ஃபென்ரிர் ஓடினை விழுங்குகிறது, ஓடினின் மகன் விதார் அதைக் கொன்று பழிதீர்க்கிறான். தோர் பாம்பைக் கொன்று ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சில் சாய்கிறான். தேவர்களின் காவலன் ஹெய்ம்தாலும் லோக்கியும் ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள். நெருப்பு அரக்கன் சுர்ட்டர் எல்லாவற்றையும் எரிக்கிறான். பிறகு கடலிலிருந்து பசுமையாகப் பூமி எழுகிறது. சம்மட்டி தோரின் மகன்களிடம் போகிறது.

படம் பாம்பை விட்டுவிட்டு ஓநாயையும் சுர்ட்டரையும் எடுத்துக்கொண்டது. பெரிய மாற்றம் வேறிடத்தில். புராணத்தில் ஊழித்தீ தடுக்கமுடியாதது, படத்தில் தோரே அதை மூட்டச் சொல்கிறான்.

கேள்வி: நகைச்சுவை எல்லா இடத்திலும் பொருந்துகிறதா?

தொடக்கக் காட்சியில் அழகாகப் பொருந்துகிறது. தோர் சங்கிலியில் தொங்குகிறான், சுர்ட்டர் தேவர்களின் ஊரான அஸ்கார்டை அழிக்கப்போவதாக முழங்குகிறான். சங்கிலி மெல்லத் திரும்பி, தோரின் முதுகு சுர்ட்டர் பக்கம் வந்துவிடுகிறது. கொஞ்சம் பொறு, திரும்பி வருகிறேன் என்கிறான் தோர். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சுர்ட்டரின் கிரீடம் அணையாத் தீயில் சேர்ந்தால் அஸ்கார்ட் சாம்பல் என்ற தகவல் காதில் விழுந்துவிடுகிறது. கிளைமாக்ஸ் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

பொருந்தாத இடம் அந்தக் கிளைமாக்ஸே. ஊர் வெடிக்கும் நேரத்தில், அஸ்திவாரம் இருக்கும்வரை திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று தோரின் கல்லுடம்பு நண்பன் கோர்க் ஆறுதல் சொல்ல, அடுத்த நொடி அஸ்திவாரமும் போகிறது. சிரிப்பு வருகிறது, துக்கம் கலைந்துபோகிறது. முதல் படத்திலிருந்து வந்த தோரின் நண்பர்கள் வோல்ஸ்டாக்கும் ஃபான்ட்ராலும் சில நொடிகளில் சாகிறார்கள். அவர்களைப் பற்றித் தோர் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேள்வி: 2022-இன் ‘தோர்: லவ் அண்ட் தண்டர்’ படத்தில் கத்தும் இரண்டு ஆடுகள் புராணத்தில் உண்டா?

உண்டு, தோரின் தேரை இழுப்பவை. இரவில் அறுத்துச் சமைத்துச் சாப்பிடலாம். எலும்புகளை உடைக்காமல் தோலின்மேல் போட்டுவைத்தால், காலையில் சம்மட்டியை உயர்த்தி ஆசீர்வதித்ததும் உயிரோடு எழும். ஒருமுறை தங்கின குடியானவன் வீட்டில் அவன் மகன் த்யால்ஃபி மஜ்ஜைக்கு ஆசைப்பட்டுத் தொடையெலும்பைப் பிளந்துவிட்டான். காலையில் ஒரு ஆடு நொண்டியது. தோர் முறைத்த முறைப்பில் குடும்பமே நடுங்கிவிட்டது. நஷ்ட ஈடாக, த்யால்ஃபியும் அவன் சகோதரி ரோஸ்க்வாவும் தோருக்கு வேலைக்காரர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள்.